ஊருக்குக் கடைசியாப் பொறந்த புள்ள

ஒரு ஊர்ல ஒரு பிரகாசி இருந்தா. அவளுக்கு ஒரு அநியாயம் நடந்துச்சு. தம்பிக்குன்னு இருந்த இடத்தை நேத்துப் பொறந்த புள்ள ஒண்ணு வந்து பிடுங்கிக்கிச்சு. எப்படின்னு சொல்றேன், நீயே நியாயம் சொல்லு. கண்ணை மூடிக்கிட்டும் நியாயம் சொல்லலாம், மூடு.

கடலோரத்து ஊரு அது. அந்த ஊர்க் கோயில்ல ஒரு வழக்கம். கிறிஸ்துமஸ் குடில்ல பொம்மை வைக்க மாட்டாங்க. ஊருக்குக் கடைசியாப் பொறந்த புள்ளையைத்தான் பாலன் இயேசுவா வைக்கோல்ல படுக்க வைப்பாங்க. மேளம் டம டமன்னு அந்தப் புள்ள வீட்டுக்கே போகும். ஊரே வாசல்ல நிக்கும். அப்போ புள்ளையோட அக்காவோ அண்ணனோ புள்ளையைத் தூக்கிக்கிட்டு எல்லாருக்கும் முன்னால கோயிலுக்கு நடந்து வரணும்.

"அக்கா இல்லாத பாப்பான்னா, சித்தி?"

"அம்மா தூக்கிட்டு வருவாங்க. நீ 'ம்' மட்டும் சொல்லு."

"ம்."

அப்புறம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம், அதான் திருவருகைக் காலம், தொடங்குச்சு. முதல் ஞாயிறு, முதல் மெழுகுதிரி ஏத்தினாங்க. பிரகாசியோட தம்பி லூர்துக்கு அப்போ இருபது நாள். அவனுக்கப்புறம் ஊர்ல யாருக்கும் புள்ள பொறக்கலை. ரெண்டாவது மெழுகுதிரி ஏத்தினாங்க, பொறக்கலை. மூணாவது, பொறக்கலை. நாலாவதும் ஏத்தியாச்சு. அம்மா வெள்ளைச் சட்டை தைச்சாச்சு. பிரகாசி கண்ணாடி முன்னால நிமிர்ந்து நடந்து பார்த்தாச்சு. "ஆண்டவரே, சீக்கிரம் வாரும்"னு கோயில்ல அவதான் எல்லாரையும் விடச் சத்தமா ஜெபம் சொன்னா.

அப்போதான், கிறிஸ்துமஸுக்கு மூணு நாள் இருக்கறப்போ, குவா குவா! கடற்கரையில வலைக் கொட்டகைக்குள்ள ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சு. கருவாடு காயப்போடுற வேலைக்கு வேற ஊர்ல இருந்து வந்த சலேத்தம்மாவோட புள்ள.

பாரு, வா வான்னு நாலு வாரம் கேட்டவ, ஒண்ணு வந்ததும் ஏன் வந்தேன்னு கோவிச்சுக்கிட்டா. வயித்துக்குள்ள குபுகுபுன்னு எரிஞ்சுது. சோறு இறங்கலை. புள்ளையைப் பார்க்க ஊரே போச்சு, இவ மட்டும் போகலை. போயிட்டு வந்த அம்மா, "யம்மா, எவ்ளோ முடி அதுக்கு!"ன்னு சொன்னதும் லூர்து மண்டையைத் தடவிப் பார்த்தா. வழுவழுன்னு வழுக்கை. அதுக்கும் சேர்த்துக் கோவம்.

"பொறாமையா, சித்தி?"

"பொறாமைதான். அவ்ளோ நாள் காத்திருந்தவளுக்குப் பொறாமைப்படக்கூட உரிமை இல்லையா? 'ம்' சொல்லு."

"ம்."

அப்புறம், விறுவிறுன்னு உபதேசியார்கிட்டப் போனா. கோயில்ல பாட்டு, ஜெபம், குடில் எல்லாம் அவர் பொறுப்பு. வைக்கோல் உதறிக்கிட்டு இருந்தாரு.

"உபதேசியாரே, அது நம்ம ஊர்ப் புள்ள இல்ல."

"பொறந்தது எங்க?"

"வலைக் கொட்டகையில."

"கொட்டகை எந்த ஊர்ல இருக்கு?"

பிரகாசி பொசுக்குன்னு திரும்பி வந்துட்டா. மறுநாளும் போனா.

"அவங்களை ஒரு ஞாயித்துக்கிழமைகூடக் கோயில்ல பார்த்ததில்ல."

"வந்தே பத்து நாள்தான் ஆச்சு. நிறைமாசம் வேற. நீ போய்க் கூட்டிட்டு வந்தியாக்கும்?"

மூணாவது நாள், இருபத்து நாலாம் தேதி காலையில, திரும்பவும் போய் நின்னா.

"மேளம் புள்ளையோட வீட்டுக்குத்தானே போகணும்?"

"ஆமா."

"அவங்களுக்கு வீடு எங்க இருக்கு? கொட்டகை வலைக்காரங்களோடது. வீடே இல்லாத புள்ளையை எந்த வீட்டுல இருந்து அழைச்சிட்டு வருவீங்க?"

உபதேசியார் தலையைச் சொறிஞ்சாரு. ஊர்ப் பெரியவங்களைக் கேட்டாரு. "வழக்கப்படி பார்த்தா புள்ள சொல்றது சரிதான்"னுட்டாங்க அவங்க. வெக்கக்கேடு! வீடில்லாம மாட்டுக் கொட்டகையில பொறந்தவருக்குத்தான் திருவிழா எடுக்கறோம்னு அத்தனை பேர்ல ஒருத்தருக்கும் தோணலை.

"சரி, உன் தம்பிதான். ஆனா அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லிட்டு வா. எனக்கு முகமில்ல"ன்னாரு உபதேசியார்.

ஜெயிச்சவ இல்லையா, குதிச்சுக் குதிச்சுப் போனா. கொட்டகையை நெருங்கறப்போ சர், சர்னு ஒரு சத்தம். சலேத்தம்மா ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால மணலைக் கூட்டிக்கிட்டு இருந்தாங்க.

"வா தாயி, உபதேசியார் அனுப்பினாரா? மேளத்தோட ஊரே வருமாமே! உக்கார வைக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. நிக்கவாச்சும் எடம் பண்ணுவோம்னு கூட்டறேன். இம்புட்டு போதுமா?"

பிரகாசி வாயைத் திறந்தா. சொல்ல வந்தது ஒரே வார்த்தை. இடமில்லை. வருஷா வருஷம் நற்செய்தியில அதைக் கேக்கறப்போ, இயேசு பொறக்கற ராத்திரி மாதாவையும் சூசையப்பரையும் திருப்பி அனுப்பின சத்திரத்துக்காரனை அவ மனசுக்குள்ள திட்டாத திட்டில்ல. இப்போ அதே வார்த்தை அவ நாக்கு நுனியில!

உள்ள எட்டிப் பார்த்தா. மீன் பெட்டியில பழைய சேலையை விரிச்சு, அதுல புள்ள. புசுபுசுன்னு நிஜமாவே அவ்ளோ முடி. வயிறு இன்னும் எரிஞ்சுது. பொறாமை போயிடுச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். போகவே இல்லை.

"போதுமா தாயி?"ன்னு அவங்க திரும்பக் கேட்டாங்க.

"போதாது. நீங்க உக்காருங்க"ன்னு விளக்குமாத்தை வெடுக்குன்னு வாங்கினா. சர், சர், சர். தண்ணி எடுத்து வந்து தெளிச்சா. சளக், சளக்.

"அப்போ லூர்து, சித்தி?"

"அவன் வீட்டுல தூங்கறான். உன்னை விடச் சமத்து."

"ம்..."

அப்புறம், கையெல்லாம் மணலா கோயிலுக்குத் திரும்பினா. உபதேசியார் கேட்டாரு, "சொல்லிட்டியா?"

"என்ன சொன்னா, சித்தி?"

"அவ சொன்ன பதிலோட கதை படுத்துக்கும். கூடவே நீயும் படுத்துக்கணும், சரியா?"

"ம்."

பிரகாசி மூஞ்சியை உர்ர்ருன்னு வச்சுக்கிட்டுத்தான் சொன்னா: "வீடு இல்லதான், உபதேசியாரே. ஆனா வாசல் இருக்கு. கூட்டித் தண்ணி தெளிச்சாச்சு. மேளத்தை அங்க வரச் சொல்லுங்க."