யாரும் பிடுங்காத கிளை

“தோற்றுவிட்டேன், அம்மையே. இன்று மாலையோடு நான் உங்கள் மாணவன் இல்லை.”

சொல்லிவிட்டுக் கொற்றன் அப்படியே முற்றத்து மணலில் உட்கார்ந்தான். ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடம் உப்பு வண்டி ஓட்டிய உடம்பு. அவனுடைய குரு சேந்தி அம்மைக்கு இருபத்தெட்டுதான். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் கிடையாது.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். வாதம் செய்ய விரும்புகிறவர் கோட்டை வாசலில் மணலைக் குவித்து, நாவல் கிளை ஒன்றை நட்டு, தன் கருத்தைச் சொல்ல வேண்டும். மறுக்க வல்லவர் மறுத்துவிட்டுக் கிளையைப் பிடுங்கி எறிவார். கிளையை இழந்தவன் தன் குருவை விட்டு, வென்றவரிடம் மாணவனாகப் போய்ச் சேர வேண்டும். பொழுது சாயும்வரை கிளை நின்றால் நட்டவனுக்கு வெற்றி.

காலையில் கொற்றன் சொன்ன கருத்து எளியது. கிணற்று நீரில் தோண்டியவனின் பிறப்பு ஒட்டாது. தாழ்ந்தவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த மேற்குத் தெருவார் வெட்டிய கிணற்றில் யாரும் நீர் எடுக்கலாம்.

மறுக்க எழுந்தவர் ஆதிநாகர். பெரிய பண்டிதர். ஒரு நாழிகை பேசினார். கொற்றன்மேல் மாட்டு வாடை வீசுகிறது என்றார். மகள் வயதுப் பெண்ணிடம் எழுத்துக் கற்றவன் என்றார். சந்தையில் கள்ளைக் குடித்துவிட்டு வண்டிக்கடியில் புரண்டவன் என்றார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“அத்தனையும் உண்மை, அம்மையே. அதுதான் வலிக்கிறது.”

அம்மை அடுத்த கீரைத்தண்டை எடுத்தார்.

“அவரைப் பற்றியும் எனக்குத் தெரியும். குருவின் வீட்டில் ஏடுகளைத் திருடிக்கொண்டு ஓடியவர். அந்த மூட்டை என் வண்டியில்தான் வந்தது. அனுமதி கொடுங்கள், போய்ச் சொல்லிவிடுகிறேன்.”

“அதைச் சொன்னால் கிணற்றைப் பற்றிய கருத்து மெய்யாகிவிடுமா?”

கொற்றன் விரலால் மணலைக் கீறினான்.

“கிளையைப் பிடுங்கினாரா?”

யோசித்துப் பார்த்தான். இல்லை. சிரிப்புச் சத்தத்தில் அவர் அதை மறந்தே போனார். இவனும் அவமானத்தில் கிளையை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான்.

அம்மை கீரையைக் கீழே வைத்தார். எழுந்துபோய் வேலிப் படலைத் திறந்து பிடித்தபடி நின்றார். வெளியே வெயில் இன்னும் இருந்தது.

கொற்றன் எழுந்தான்.

கோட்டை வாசலில் கூட்டம் கலையவில்லை. நல்ல சிரிப்பை விட்டுவிட்டு யார் வீட்டுக்குப் போவார்கள்? இலைகள் கொஞ்சம் வாடியிருந்தாலும் கிளை நின்றது.

“உப்பு வண்டி திரும்பி வந்துவிட்டது” என்றார் ஆதிநாகர்.

கொற்றன் கிளைக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றான். அவ்வளவு நிமிர்வு அந்த முதுகில் இருப்பது அவனுக்கே அன்றுதான் தெரிந்தது.

“ஆமாம், உப்பு வண்டிக்காரன்தான். நன்றாகவே ஓட்டினேன். முப்பது வருடத்தில் என் கையால் ஒரு மாடு சாகவில்லை. என் குரு என்னைவிட இளையவர். நான் போய்க் காலில் விழுந்துதான் அவரிடம் சேர்ந்தேன். கள் குடித்ததும் உண்மை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், ஐயா. கிளை அங்கேதான் இருக்கிறது.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆதிநாகர் பழித்துச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அப்போது கூட்டத்திலிருந்து கொற்றனின் பழைய கூட்டாளி, அவனும் வண்டிக்காரன், கையை நீட்டிக் கத்தினான்.

“இவர் மட்டும் யோக்கியமா? அன்றைக்கு நம் வண்டியில் ஒரு மூட்டை…”

ஆதிநாகரின் முகம் வெளுத்தது.

“அதற்கு இங்கே வேலை இல்லை, அண்ணே” என்றான் கொற்றன். “கிணற்றைப் பற்றித் தெரிந்தால் பேசுங்கள்.”

கூட்டாளி கையை இறக்கிக்கொண்டான்.

ஆதிநாகர் கொற்றனைப் பார்த்தார். பிறகு கிளையைப் பார்த்தார். அவர் கை அதை நோக்கி நீண்டு, பாதியில் நின்றது.

தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து மடித்தார். மணலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“கிணற்றைப் பற்றி நீர் சொன்னது எதையும் நான் காதில் வாங்கவில்லை, கொற்றரே. முதலிலிருந்து சொல்லும்.”