வாசல் தாண்டக் கூடாத விதை

ஆடி பிறந்தால் ஆவரங்குளத்தில் வீட்டுக்கு வீடு காய்கறி விதையைக் கைமாற்றிக்கொள்வார்கள். பண்ணையார் நல்லபெருமாளும் மடி நிறைய வாங்கிக்கொள்வார்; கொடுக்க மட்டும் கை வராது. அவர் தோட்டத்து வெள்ளரிப்பழமோ வாயில் வெல்லமாய்க் கரையும்.

அந்தப் பெருமையைக் காட்ட, ஒருநாள் ஊரையே கூப்பிட்டுப் பழம் போட்டார். தோட்டக்காரி சீனியம்மாளிடம், "தின்னட்டும். ஆனா ஒரு விதைகூட என் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டுச்சு, உனக்கு வேலை இல்லை" என்றார்.

சீனியம்மாள் தலையாட்டினாள். எல்லோரும் தின்று எழுந்ததும் வாசல் கதவைச் சாத்திக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன்டி வழியை மறிக்கிறே?"

"விதையோட முழுங்கிட்டாங்க எசமான். காலையில எல்லாரும் உங்க முற்றத்துலயே ஒதுங்கட்டும். ஒண்ணு விடாமப் பொறுக்கிக் கழுவித் தந்துடுறேன்."

ஊரே முற்றத்தை அளவெடுப்பதுபோல் பார்த்தது. ஒரு கிழவர் வாய் திறக்காமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தப் பார்த்தார்.

பண்ணையார் தானே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். "எல்லாத்தையும் கொண்டுக்கிட்டு ஓடுங்க!"

"விதையையுமா எசமான்?"

"அதையும்தான்!"

அதற்கப்புறம்தான் ஊர் வாயைத் திறந்தது. அதுவரை கன்னத்தில் அடக்கி வைத்திருந்த விதையை ஆளுக்கொரு கை நிறையத் துப்பிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள்.