நாற்பது காரும் ஒரு தோசையும்

பூவனூரை ஆண்ட விக்கிரமசேன மகாராஜாவுக்குத் திடீரென்று ஒரு ஆசை. தன் பிறந்தநாளன்று நாட்டிலுள்ள நாற்பது மருத்துவச்சிகளுக்கும் ஆளுக்கொரு பேட்டரி கார் பரிசளித்தார். கார்களைச் செய்து கொடுத்தவன் அரண்மனை வண்டிச்சாலைத் தலைவன் பிங்களன்.

ஒரே மாதத்தில் மூன்று கார்கள் சார்ஜ் ஏறும்போதே பற்றி எரிந்தன. நெருப்பை அணைக்கப் போன மருத்துவச்சி வடிவாம்பாளுக்குக் கை முழங்கை வரை வெந்துவிட்டது. அவள் நேரே அரசவை விகடகவி சடகோபனிடம் வந்தாள்.

"ஐயா, இந்த வாரம் என் பகுதியில் ஐந்து பிரசவம். மற்றவர்களும் பயந்துகொண்டேதான் காரை ஓட்டுகிறார்கள். ராஜாவிடம் சொல்லுங்கள்."

கார்களைத் திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுக்கும்படி சடகோபன் ராஜாவிடம் சொன்னார். ராஜா முகம் சுளித்தார்.

"கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்பதா? ஊர் சிரிக்காதா?"

பிங்களன் குறுக்கே பாய்ந்தான். "கார்களில் ஒரு குறையும் இல்லை, மகாராஜா! இவர்களுக்குச் சார்ஜ் போடத் தெரியவில்லை."

மறுநாள் காலை. ராஜாவின் தட்டில் பொன்னிறத்தில் ஒரு தோசை வந்தது. ராஜா ருசித்துச் சாப்பிட்டார்.

"பிரமாதம்! எந்த அடுப்பில் சுட்டது?"

"அடுப்பே இல்லை, மகாராஜா" என்றார் சடகோபன். "முற்றத்தில் மருத்துவச்சி ஒருத்தியின் கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் பேட்டரி மூடியில் மாவை ஊற்றினேன். சார்ஜ் போட்டது பிங்களனின் ஆட்கள்தான்."

ராஜாவுக்குப் புரையேறியது. அருகில் நின்ற பிங்களன் சளைக்கவில்லை.

"அது குறையில்லை, மகாராஜா! கூடுதல் வசதி!"

"அப்படியா? நல்லது" என்றார் சடகோபன். "இதோ, கார் இன்னும் சார்ஜில்தான் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் உள்ளே உட்காருங்கள். நாங்கள் வெளியே நின்று அந்த வசதியைப் பார்க்கிறோம்."

பிங்களனுக்கு வியர்த்துக் கொட்டியது. "எனக்கு... வயிற்றுவலி, மகாராஜா."

ராஜாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் தயங்கினார்.

"சடகோபா, கொடுத்ததை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பேன்?"

"நீங்கள் கொடுத்தது கார்தானே, மகாராஜா?"

"ஆமாம்."

"நெருப்பைக் கொடுத்தீர்களா?"

"இல்லையே!"

"அப்புறம் என்ன? கார் அவர்களுடையதாகவே இருக்கட்டும். நீங்கள் கொடுக்காத அந்த நெருப்பை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றே ஊரெங்கும் தண்டோரா போட்டார்கள். எரியாமல் மிஞ்சியிருந்த அத்தனை கார்களும் வண்டிச்சாலைக்கு வந்து சேர்ந்தன. பேட்டரியை மாற்றி முடிக்கும்வரை மருத்துவச்சிகள் அரண்மனைக் குதிரை வண்டிகளில் பிரசவம் பார்க்கப் போனார்கள். எரிந்துபோன மூன்றுக்கும் பிங்களன் தன் கைக்காசில் புதுக் கார் செய்து கொடுத்தான்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சடகோபனிடம் நீட்டினார்.

"வடிவாம்பாளுக்குக் கொடுங்கள், மகாராஜா" என்றார் சடகோபன். "நான் இதில் வாயைத்தான் விட்டேன். அவள் நெருப்பில் கையையே விட்டிருக்கிறாள்!"