நண்டுக்கு ஒரு வலம்புரி

இருளப்ப சாமி காவி கட்டுவதற்கு முன் கடலில் சங்கு குளித்துக்கொண்டிருந்தவர். வயது நாற்பதைத் தாண்டவில்லை. அவருடைய சீடர் ஆவுடையப்பனோ ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்; அறுபத்துமூன்று. குருவைவிடச் சீடருக்குத்தான் நரை அதிகம்.

அன்று ஆவுடையப்பன் கையில் ஒரு மண்சட்டியோடும் மனசு நிறையக் கவலையோடும் வந்தார். மகள் கோமதிக்கு அரிசி ஆலைக்காரர் வீட்டில் சம்பந்தம் கூடி வந்திருக்கிறது. அவளோ படகு இன்ஜின் மெக்கானிக் ஒருவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வெள்ளிக்கிழமை நிச்சயம்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா, சாமி."

"அது இருக்கட்டும். சட்டியில என்ன?"

சட்டியில் ஆவுடையப்பன் இரண்டு வருஷமாக வளர்க்கும் நண்டு. காலிச் சங்குகளில் குடியிருக்குமே, அந்த வகை. உடம்பு பெருத்துவிட்டது; பழைய சங்கில் பாதிதான் அடங்கியது. காக்கை ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டது. பக்கத்தில் புதுச் சங்கு ஒன்று பளபளவென்று கிடந்தது.

"இதை வச்சு நாலு நாளாச்சு. திரும்பிக்கூடப் பாக்கல. பிடிச்சு இழுத்தும் பாத்தேன்."

"இனிமே இழுக்காதீங்க வாத்தியாரே. ரெண்டாப் பிஞ்சாலும் பிடியை விடாது."

சாமி புதுச் சங்கைக் கையில் எடுத்தார். "வலம்புரியா?"

"சின்னதுதான், ஆனா அசல். அலைஞ்சு திரிஞ்சு வாங்கினேன். பூஜையில வைக்கிற பொருளு. இதுல குடியிருக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது.

சாமி கரையோரம் நடந்து நாலைந்து கடல் நத்தைக் கூடுகளைப் பொறுக்கி வந்தார். ஒன்றுக்கு விளிம்பு உடைந்திருந்தது. எல்லாவற்றையும் கடல்தண்ணீரில் அலசிச் சட்டியில் போட்டு, மேலே ஓலைப்பெட்டியைக் கவிழ்த்தார்.

"மூடிட்டீங்களே, நாம பாக்க வேண்டாமா?"

"அதுக்கு வயிறு ரொம்ப மெத்துன்னு இருக்கும். வெளிய வர்ற நேரம் மேல பொட்டு ஓடு கிடையாது. நாம குத்துக்கல்லாட்டம் நின்னா வருமா?"

இருவரும் கஞ்சி குடித்தார்கள். ஆவுடையப்பன் அடிக்கடி ஓலைப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். நண்டு செத்துவிடுமோ என்று ஒரு பயம். மகள் வீட்டைவிட்டுப் போய்விடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம்.

பெட்டியை எடுத்தபோது நண்டு வீடு மாறியிருந்தது. விளிம்பு உடைந்த கூட்டுக்குள் காலையெல்லாம் இழுத்துக்கொண்டு, வாசலைக் கொடுக்கால் அடைத்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தது.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே முகமும் விழுந்தது.

"வலம்புரியில என்ன குறை, சாமி?"

சாமி பழைய சங்கையும் வலம்புரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டின் சுழியும் எதிரும் புதிருமாக ஓடின.

"நண்டோட வயிறு ஒரு பக்கமாச் சுருண்டிருக்கும். வலம்புரி அதுக்கு எதிர்ப்பக்கம் சுருளும். சங்கு உசத்திதான். வயிறு உள்ள போகாது."

ஆவுடையப்பன் உடைந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலம்புரியை விட்டுட்டு உடைசலுக்குப் போயிருக்கே. ஊருல பாத்தா சிரிப்பாங்களே, சாமி?"

"சிரிக்கட்டும் வாத்தியாரே. சிரிக்கிறவங்க யாரும் அதுக்குள்ள குடியிருக்கப் போறதில்லையே."