ஓவர்சியர் நட்ட கல்

பருத்தி விலை படுத்துவிட்ட வருஷம். கண்மாயைத் தூர்வாரும் நிவாரண வேலையால்தான் ஊரில் அடுப்பு எரிந்தது. அந்த வேலையை நிறுத்தி, மச்சானுக்குக் கான்ட்ராக்ட் விட ஆசைப்பட்டார் ஓவர்சியர் மார்த்தாண்டம்.

மண் வெட்டுகிறவர்கள் நடுநடுவே கொஞ்சம் தரையை வெட்டாமல் திட்டாக விடுவார்கள். எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. கலெக்டர் வருகிற அன்று காலையிலேயே ஓவர்சியர் ஆள் வைத்துத் திட்டுகளை இடித்துவிட்டார்.

"இது பழைய பள்ளம், துரை. இவங்க ஒரு கூடை மண்கூட அள்ளலை."

கலெக்டர் கூலியாட்களைப் பார்த்தார். "வெட்டினதுக்கு அத்தாட்சி உண்டா?"

கூட்டத்திலிருந்து இருளாயி கும்பிட்டாள். "அது கிடக்கட்டும் சாமி. வேலை தொடங்கின அன்னைக்கு ஓவர்சியர் ஐயா தன் பேரைப் பொறிச்சு ஒரு கல்லு நட்டாரு. அதுகிட்ட யாரும் மம்பட்டி வைக்கக் கூடாதுன்னாரு. நாங்களும் வைக்கலை. அதுக்குத் துரை கையால ஒரு மாலை போடணும்."

"போட்டால் போச்சு!"

கரை வளைவுக்கு அழைத்துப்போய் இருளாயி மேலே கை காட்டினாள். ஓராள் உயர மண்திட்டின் உச்சியில் நின்றது கல்.

"அன்னைக்கு ஐயா குனிஞ்சு நட்ட கல்லு சாமி. இன்னைக்கு மாலை போட ஏணி வேணும்."

கலெக்டர் சிரித்த சிரிப்பில் ஊருக்கே மூச்சு வந்தது. மறுநாளும் மம்பட்டிச் சத்தம் கேட்டது. ஓவர்சியர்தான் புதுசு.