காலி அறையின் சத்தம்

சிபாரிசு இல்லாமல் போகிறவர்களுக்கு வாட்ச்மேன்தான் முதல் இன்டர்வியூ. பிளஸ் ஒன் படிக்கும் நஸ்ரின் பல ஸ்டுடியோக்களில் அதிலேயே தோற்றிருந்தாள். உள்ளே விட்ட ஒன்றிரண்டு இடங்களிலும், "காலேஜ் முடிச்சிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். வகுப்பில் மற்றவர்களுக்கு அவரவர் அப்பாக்கள் லீவுக்கு இன்டர்ன்ஷிப் பிடித்துக் கொடுத்தாயிற்று. இவளுக்கு மிச்சமிருந்தது சாலிகிராமத்தில் ஒலிப்பதிவாளர் தணிகாசலத்தின் கதவு ஒன்றுதான்.

அங்கே வாட்ச்மேன் இல்லை. கதவு திறந்தே கிடந்தது.

"என்ன தெரியும்?" என்றார் தணிகாசலம்.

"ரெக்கார்டரை ஓட்டத் தெரியும் சார். மிச்சத்தைக் கத்துக்கணும்."

"மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. ரூம் டோன் எடுத்துட்டு வா."

ரூம் டோன் என்பது ஆளில்லாத அறையின் அமைதி. வசனங்களுக்கு நடுவே விழும் இடைவெளியை நிரப்ப, சினிமாக்காரர்கள் அதைத் தனியாகப் பதிவு செய்துகொள்வார்கள். இவ்வளவுதானா என்று நஸ்ரினுக்கு உற்சாகமாகிவிட்டது.

மாடியில் மைக்கை நிறுத்தி ஹெட்போனை மாட்டினாள். வெளியே உச்சி வெயில். உள்ளே மின்விசிறிகூட ஓடவில்லை.

யாரோ மூச்சு விடுவது கேட்டது.

தன் மூச்சாக இருக்கும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அது நிற்கவில்லை. ஜன்னல் பக்கமிருந்து இழுத்து இழுத்து வந்தது. ஹெட்போனைக் கழற்றினால் ஒன்றுமில்லை, மாட்டினால் மூச்சு.

ஹெட்போனைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தாள். ஆனால் ஓடினால் இந்தக் கதவும் போய்விடும். பதிவைக் கெடுத்துவிட்டாய் என்று அவர் துரத்திவிடுவாரோ என்பது அதைவிடப் பெரிய பயம். மாடிப்படியில் உட்கார்ந்து, லேப்டாப்பில் மூச்சு விழுந்த இடங்களையெல்லாம் வெட்டினாள். மிச்சத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

தணிகாசலம் கண்ணை மூடிக் கேட்டார்.

"சுத்தமா இருக்கு."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"வர்ற பசங்க எல்லாரும் இப்படித்தான் சுத்தமா கொண்டு வர்றாங்க." ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "போயிட்டு வாம்மா."

நஸ்ரின் வாசல்வரை போய்விட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி வந்தாள்.

"சார், அது பொய். உள்ளே யாரோ மூச்சு விட்டாங்க. நான் வெட்டிட்டேன்."

அவர் நிமிர்ந்தார்.

"எந்தப் பக்கம்?"

"ஜன்னல் பக்கம்."

"இருமினாளா?"

"கடைசியில ஒரு தடவை."

அவர் கண் கலங்கிவிட்டது. "என் வீட்டுக்காரி. போய்ச் சேர்ற வரைக்கும் அவ கட்டில் அங்கதான் கிடந்துச்சு."

நஸ்ரின் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். இருந்தும் கேட்டாள்.

"அப்ப, என்னைச் சேத்துப்பீங்களா சார்?"

அவர் மைக்கை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இங்க ஆள் எடுக்கறது எப்பவும் அவதாம்மா. மேல போய் உன் பேரைச் சொல்லிட்டு உக்காரு. அவ என்ன சொன்னாலும் வெட்டாம கொண்டு வா."