காது மடங்கிய கடைசி ஆணி

கவனமாகக் கேளுங்கள். கதை நிற்கும் இடத்தில் நான் உங்களிடம்தான் பதில் கேட்பேன்.

மேகப்பாறை என்று ஒரு மலை ஊர். வண்டி போகிற பாதை கிடையாது. ஆள் நடந்துதான் இறங்க வேண்டும், மூட்டையைக் கோவேறு கழுதைதான் சுமக்க வேண்டும். ஒச்சப்பனிடம் அப்படி ஒன்று இருந்தது. சாம்பல் நிறம், மயிலை என்று பேர். அவன் மனைவி செல்லத்தாய் அப்போது நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். கோவில் கோவிலாக ஏறி இறங்கி, ரொம்ப வருஷம் கழித்து உண்டான பிள்ளை.

லாடம் அடிக்க அடிவாரத்திலிருந்து மீரான் பாய் ஏறி வருவார். அவர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. முன்னங்காலைத் தூக்கித் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார். அப்போது அவர் முகம் வால் பக்கம் பார்த்திருக்கும், மிருகத்தின் தலை அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஆணி குளம்பின் ஓட்டோடு போனால் அதற்கு வலிக்காது. கொஞ்சம் சாய்ந்து சதைப் பக்கம் போய்விட்டால் வலியில் மிருகம் காதைப் பின்னால் மடக்கும். குனிந்திருக்கிற லாடக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அதனால் தலைமாட்டில் கயிறு பிடித்து நிற்பவரிடம் ஒவ்வொரு ஆணிக்கும் "காது?" என்று கேட்பார். "நிக்குது" என்றால் அடுத்த அடி. "மடங்குது" என்றால் ஆணியைப் பிடுங்கிவிடுவார்.

அன்றைக்குக் கயிறு பிடித்தவள் செல்லத்தாய். ஒச்சப்பன் வால் பக்கம் உட்கார்ந்து ஏலக்காய் மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும் என்று அவனுக்குப் பரபரப்பு.

"பாய், லாடம் அடிக்கிறீங்களா, தாலாட்டுப் பாடுறீங்களா?"

"உனக்கு அடிக்கிறதா இருந்தா எப்பவோ முடிச்சிருப்பேன்" என்றார் மீரான். செல்லத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இடது முன்னங்காலில் கடைசி ஆணி.

"காது?"

"மடங்குது பாய்" என்றாள் செல்லத்தாய். அவள் குரல் எப்போதும் அவள் வாயைத் தாண்டாது. அதே நேரம் வால் பக்கமிருந்து ஒச்சப்பன், "நிக்குது, நிக்குது! அடிங்க!" என்று கத்தினான். மீரான் காதில் இரண்டு குரல் விழுந்தது. ஒன்று விளங்கவில்லை. விளங்கின குரலை எடுத்துக்கொண்டு சுத்தியலை இறக்கினார். செல்லத்தாய் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் நிமிரவே இல்லை. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

இவ்வளவு அவசரப்பட்டும் மூட்டை இறங்கவில்லை. பாய் கிளம்பின கையோடு மழை பிடித்துக்கொண்டது, நாள்கணக்கில் விடவில்லை. பாதையெல்லாம் மண் சரிந்தது. மயிலை கொட்டகையிலேயே நின்று தின்றது. நடந்தால்தானே காலில் கோளாறு தெரியும்? யாரும் அதன் காலைப் பார்க்கவில்லை.

மழை விட்ட அன்று காலையில், நாளாகும் முன்பே செல்லத்தாய்க்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி வெள்ளாயி வயிற்றைத் தடவிப் பார்த்து, "பிள்ளைக்குக் கால் கீழே இருக்கு. இது என் கையில அடங்காது. ஆஸ்பத்திரிக்கு இறக்கு" என்றாள். டோலி தூக்கலாம் என்றால் ஆம்பளைகள் எல்லாரும் மலையின் மறுபக்கம் பாதை வெட்டப் போயிருந்தார்கள். மயிலை மேல் மெத்தையைக் கட்டிச் செல்லத்தாயை ஏற்றினார்கள். வெள்ளாயியும் கூட இறங்கினாள்.

பாதி மலையில் ஒரு சரிவுப் பாறை. அங்கே வந்ததும் மயிலை இடது காலை ஊன்ற மாட்டேன் என்று மூன்று காலில் நின்று நடுங்கியது. ஒச்சப்பன் இழுத்தான், கெஞ்சினான், அடித்தான். குனிந்து குளம்பைத் தொட்டான். அடுப்புக்கல் மாதிரி சுட்டது. அவளை இறக்கிப் படுக்க வைத்து, வெள்ளாயியிடம் விட்டுவிட்டு, மீரானைக் கூட்டிவர அடிவாரத்துக்கு ஓடினான்.

அவர்கள் மூச்சிரைக்க ஏறி வந்தபோது பிள்ளை பாறையிலேயே பிறந்திருந்தது. பெண் பிள்ளை. அழவில்லை.

மீரான் மயிலையின் காலைத் தூக்கிக் கடைசி ஆணியைப் பிடுங்கினார். பின்னாலேயே கறுப்பாகச் சீழ் வடிந்தது.

அந்த மலையில் ஒரு கட்டுப்பாடு. வழியில் உயிர் போனால் உடலை ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது. யார் பிழையால் போனதோ அவர் ஒருவர்தான் குழி வெட்ட வேண்டும். பாதையில் விழுந்த கல்லைப் புரட்டக் கொண்டுவந்த கடப்பாரையை வெள்ளாயி நடுவில் போட்டாள்.

"என் சுத்தியல். நான் வெட்டுறேன்" என்றார் மீரான்.

"பாக்காததப் பாத்தேன்னு சொன்னவன் நான். தள்ளுங்க பாய்" என்றான் ஒச்சப்பன்.

பாறையில் சாய்ந்திருந்த செல்லத்தாய் புருஷனைப் பார்த்து, "கயிறு என் கையில இருந்துச்சு. ரெண்டாந்தடவை சத்தமாச் சொல்லியிருக்கலாம். நீங்க வைவீங்கன்னு சொல்லல. நான்தான்" என்றாள்.

"நீ பேசாம இரு புள்ள" என்றான் ஒச்சப்பன்.

"மூணு பேரும் வெட்ட முடியாது. யாருன்னு சொல்லுங்க, வெயில் ஏறுது" என்றாள் வெள்ளாயி.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்தக் கடப்பாரையை எடுக்க வேண்டியவர் யார்?

பதில்: மீரான்தான். செல்லத்தாய் ஒரு தடவைதான் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் உள்ளதைச் சொன்னாள். ஒச்சப்பன் சொன்னது பொய். ஆனால் அவன் எங்கே உட்கார்ந்து சொன்னான்? வால் பக்கம். அங்கேயிருந்து காது தெரியாது. மீரானின் முகமும் வால் பக்கம்தானே பார்த்திருந்தது? மூட்டை தைக்கிறவன் கண்ணெதிரே இருந்தான். கயிறு பிடித்தவளிடம் கேட்ட கேள்விக்குக் கயிறு பிடிக்காதவன் பதில் சொன்னதைத் தெரிந்தே எடுத்துக்கொண்டார். அப்போ பொய் சொன்னவனுக்கு ஒன்றும் இல்லையா என்பீர்கள். மீரான் குழி வெட்டி முடிக்கிற வரைக்கும் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றவன் அவன்தான். மயிலைக்குக் கால் ஆறி மறுபடி லாடம் அடிக்கிற நாளும் வந்தது. செல்லத்தாய்தான் கயிறு பிடித்தாள். "காது?" என்றார் மீரான். அவள் மயிலையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒச்சப்பன் வாயைத் திறக்கவில்லை. மீரான் சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு, அவள் சொல்லும்வரை குனிந்தபடியே நின்றார்.